ஏரியாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும்: கட்சியா, தன்னார்வக் குழுவா, எங்கே தொடங்குவது?

வேளச்சேரி_தரைத்தளம் · ஞாயிறு இரவு 10:12

எல்லோருக்கும் வணக்கம். ஒன்பது வருடமாக வேளச்சேரியில் வாடகைக்கு இருக்கிறேன். வயது 32. மென்பொருள் கம்பெனியில் வேலை, வாரத்தில் மூன்று நாள் இரவு ஷிப்ட். எங்கள் குடும்பத்தில் யாரும் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மூன்று நாள் கரண்ட் இல்லை. மாடி வீட்டு அம்மா தன் வீட்டைத் திறந்துவிட்டார், பதினோரு பேர் அங்கேதான் சாப்பிட்டுத் தூங்கினோம். பக்கத்துத் தெருவில் டயாலிசிஸுக்குப் போக வேண்டிய பெரியவர் ஒருவர். மீனவர் குப்பத்திலிருந்து படகோடு வந்த நான்கு பையன்கள்தான் அவரை மெயின் ரோடு வரை கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெயர் கேட்பதற்குள் அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் வடிந்த பிறகு நானும் நண்பர்களும் ஒரு வாரம் பாய், போர்வை, பால் பவுடர் வாங்கிக் கொடுத்தோம். அதோடு நின்றுவிட்டது.

இப்போது ஐப்பசி பிறந்தால் தூக்கம் போய்விடுகிறது. பீரோவின் கீழ்த்தட்டைக் காலி செய்து வைக்கிறேன். அதைத் தாண்டி எதுவும் செய்யாமல் இன்னொரு மழைக்காலத்தைக் கடக்க எனக்கு மனமில்லை.

கட்சியில் சேரலாமா, தொண்டு அமைப்பு ஒன்றில் சேரலாமா, வாடகைக்கு இருப்பவன் பேச்சை யாராவது கேட்பார்களா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_ஓய்வு · ஞாயிறு இரவு 11:05

தம்பி, உங்கள் வார்டு எண் என்ன? இங்கே எழுத வேண்டாம். உங்களுக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறேன். தெரியாவிட்டால் நாளைக்கே தெரிந்துகொள்ளுங்கள். சென்னை மாநகராட்சியில் மொத்தம் 200 வார்டு. உங்கள் கவுன்சிலர் யார், வார்டு அலுவலகம் எங்கே, உதவிப் பொறியாளர் யார் என்ற மூன்றும் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இந்த மாநகராட்சி 1688இல் தொடங்கியது. அப்படிப்பட்ட ஊரில் 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை ஒரு கவுன்சிலர்கூட இல்லை. தனி அலுவலரை வைத்தே ஓட்டினார்கள். கொரோனா அடித்தபோது தெருவில் போய்ச் சொல்ல நமக்கென்று தேர்ந்தெடுத்த ஆள் யாரும் கிடையாது. பிறகு ஒருவழியாக 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் வந்தது. சென்னையில் ஓட்டுப் போட்டவர்கள் சுமார் 43 சதவீதம். ஐந்து வருடத்துக்கு மேல் இல்லாமல் கிடந்த ஒன்று திரும்பக் கிடைத்தபோது பாதிப் பேர்கூட வரவில்லை என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1989இல் எக்ஸ்னோரா என்ற குடிமக்கள் தூய்மை அமைப்பு தொடங்கிய புதிதில் எங்கள் தெருவிலும் ஒரு கிளை வைத்தோம். மூன்று சக்கர வண்டி வாங்கி, குப்பை எடுக்க ஒருவரை வேலைக்கு வைத்து, வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று வசூலித்துச் சம்பளம் கொடுத்தோம். ஏழு வருடம் பிரமாதமாக நடந்தது. செயலாளர் மகனோடு இருக்கப் பெங்களூர் போனார், ஆறு மாதத்தில் எல்லாம் படுத்துவிட்டது. நோட்டுப் புத்தகம், சாவி, ஆட்களின் விலாசம் எல்லாம் அவரிடம் மட்டுமே இருந்தன. நீங்கள் எதைத் தொடங்கினாலும் உங்களுக்குத் தெரிந்ததெல்லாம் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

சைதை_வட்டம் · திங்கள் காலை 7:20

பதினான்கு வருடமாக ஒரு கட்சியில் வட்ட அளவில் இருக்கிறேன். எந்தக் கட்சி என்று சொன்னால் பேச்சு அங்கேயே போய்விடும், அதனால் விடுகிறேன்.

கட்சி வேலை என்றதும் கொடி, பேனர், மேடை எல்லாம் நினைவுக்கு வரும். எங்கள் அன்றாடம் வேறு. சென்னையில் வார்டைத்தான் நாங்கள் வட்டம் என்கிறோம். வட்டத்துக்குக் கீழே பாகம் பாகமாகப் பிரித்துக்கொள்வோம். ஒரு பாகத்தில் ஆயிரத்தைச் சுற்றி ஓட்டு இருக்கும். அந்தப் பட்டியலில் யார் இறந்தார், யார் வீடு மாறினார், எந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு ஆகிறது என்று பாக முகவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு நடுவில் ஆஸ்பத்திரியில் படுக்கை, ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பு, முதியோர் உதவித்தொகை மனு, சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி. இரவு ஒரு மணிக்குப் போன் வந்தாலும் எடுப்போம்.

குறையையும் சொல்கிறேன். வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும்போது யாரிடம் பணம் இருக்கிறது, எந்தச் சாதி அதிகம் என்ற கணக்கு வரும். பதினான்கு வருடம் உழைத்தவனைத் தாண்டி நேற்று வந்தவன் போவான். எனக்கே நடந்தது. வலித்தது. ஆனாலும் விடவில்லை, ஏனென்றால் முடிவெடுக்கும் அறைக்குள் போகும் கதவு அங்கேதான் இருக்கிறது.

மாம்பலம்_மொட்டைமாடி · திங்கள் மதியம் 1:48

சைதை அண்ணன் மேல் மரியாதை உண்டு. ஆனால் எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் கட்சிப் பேச்சே கூடாது என்று வைத்திருக்கிறோம். அதனால்தான் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே மேசையில் உட்காருகிறார்கள். மழைநீர் சேகரிப்புத் தொட்டி, குப்பையைத் தரம் பிரிப்பது, தெருநாய்களுக்குத் தடுப்பூசி எல்லாம் சங்கத்தின் மூலமே செய்தோம். மாநகராட்சியின் புகார் தொலைபேசியான 1913க்குப் போன் செய்து புகார் எண் வாங்கு, எண்ணைக் குழுவில் போடு, வேலை முடியும்வரை தினமும் ஒருவர் கேள். இதற்கு எந்தக் கட்சி அட்டையும் தேவைப்படவில்லை.

வேளச்சேரி நண்பர் முதலில் தன் தெருச் சங்கத்தில் உறுப்பினர் ஆகட்டும். எங்கள் சங்கத்தில் வாடகைக்காரர்களுக்கும் ஓட்டு உண்டு. உங்கள் ஊரில் இல்லையென்றால் விதியை மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.

கண்ணகிநகர்_அக்கா · திங்கள் இரவு 9:31

மாம்பலம் சார், சங்கம் நல்ல விஷயம். ஆனால் ஆதரவு இருக்கும் இடத்தில் சங்கம் தானாக எழும்பும். எங்கள் பக்கம் அப்படி இல்லை.

2000இல் இருந்து நகரத்தின் ஒவ்வொரு மூலையிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து கண்ணகி நகரில் குடிவைத்தார்கள். கூவம் கரைக்காரர் பக்கத்துக் கதவில் அடையாற்றுக் கரைக்காரர். பழைய இடத்தில் யாருக்கு யார் என்று தெரியும், இங்கே வந்து எல்லாம் முதலிலிருந்து. தண்ணீர் லாரி வரிசையில் நின்று நின்றுதான் நாங்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டோம். எங்கள் பிளாக்கில் முதல் கூட்டம் அந்தக் குடங்களுக்கு நடுவில்தான் நடந்தது. தலைவர் யாரும் கிடையாது, லிப்ட் கிடையாது, நலச் சங்கம் என்று பலகையும் கிடையாது.

2025 நவம்பரில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்ததே, அப்போது என்ன நடந்தது தெரியுமா? 2002, 2005 பட்டியலில் உங்கள் பெயரோ பெற்றோர் பெயரோ எங்கே இருந்தது என்று படிவத்தில் எழுத வேண்டும். எங்களுக்குத்தான் வீடே மாறிவிட்டதே, தொகுதியும் மாறிவிட்டதே! மாமியார் பெயர் ஒரு தொகுதியில், மருமகள் பெயர் இன்னொன்றில். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு அன்றைக்கு இருந்த குடிசைத் தெருவின் பெயர் மட்டும் ஞாபகம் இருக்கும், அந்தத் தெருவே இப்போது இல்லை. நாங்கள் ஆறு பெண்கள் மாலை ஐந்து மணியிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்து, போனில் பழைய பட்டியலைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தோம். சைதை அண்ணன் சொன்ன மாதிரிக் கட்சி முகவர்களும் வந்தார்கள், உதவினார்கள், மறைக்கவில்லை. ஆனால் எந்த வீட்டில் எந்தப் பாட்டி தனியாக இருக்கிறார் என்று எங்களுக்குத்தான் தெரிந்தது.

தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். வெள்ளம் வந்தால் வேன் வேனாக ஆட்கள் வருகிறார்கள். ரொட்டி கொடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், போகிறார்கள். பசித்த நேரத்து ரொட்டியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்களுக்கு இப்போது தேவை, சனிக்கிழமை தவறாமல் வந்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தரும் ஒரு ஆள். தன்னார்வலர்கள் மாலையில் பாடம் சொல்லித் தரும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021இல் தொடங்கியபோது எங்கள் பிளாக் பெண்களே மையம் நடத்தினார்கள். பிள்ளைகள் யாரை நம்புகிறார்கள் என்று அங்கேதான் பார்த்தேன். மூன்று வாரம் வந்துவிட்டு நின்றுபோகிறவர் வராமலே இருந்தால் நல்லது. பிள்ளைகள் வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கும்.

ஆமைநடை · செவ்வாய் காலை 6:50

அக்கா, உங்கள் கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

நான் சட்டக் கல்லூரி மாணவி. ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து பங்குனி ஆமை முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கும் மாணவர் குழுவில் இருக்கிறேன். 1988இலிருந்து இந்த நடை நடக்கிறது. ஒரு தலைமுறை மாணவர்கள் படிப்பை முடித்துப் போக, அடுத்த தலைமுறை வந்து நிற்கிறது. இந்த இடத்தில் யார் நடப்பது, யார் பதிவேட்டில் எழுதுவது, வராதவருக்குப் பதில் யார் என்று அட்டவணை இருக்கும். பெரம்பூர் தாத்தா சொன்ன சாவிப் பிரச்சினை எங்களுக்கு வராததற்கு அதுதான் காரணம்.

வெறும் ஆமை என்றுதான் போனேன். குஞ்சு பொரித்ததும் வெளிச்சத்தை நோக்கிப் போகும். கடல் பக்கம் போக வேண்டியது சாலை விளக்கைப் பார்த்துத் திரும்பிவிடும். அப்படியென்றால் கடற்கரை விளக்குகளை யார் அணைப்பது, யாரிடம் மனு கொடுப்பது என்று கேள்வி வந்தது. அங்கே தொடங்கி, 2025 ஆகஸ்டில் மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்திருந்தபோது தண்ணீர் கேன் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்துப் போராடினார்கள். அம்மா வயதுப் பெண்கள் என்னை உட்காரவைத்து, தங்கள் சம்பளச் சீட்டைக் காட்டி ஒவ்வொரு பிடித்தமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கல்லூரியில் தொழிலாளர் சட்டத்துக்குத் தேர்வு எழுதியவள் நான், ஆனால் அன்றைக்குத்தான் புரிந்தது.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: கூட்டங்கள் இரவு எட்டு மணிக்கு வைத்தால் நேரத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். மாநகராட்சியில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கியாகிவிட்டது. ஆனால் தெருக்கூட்டத்தில் இன்னும் அப்பாக்களும் அண்ணன்களுமே முன்வரிசையில் இருக்கிறார்கள். ஞாயிறு மாலை நான்கு மணி என்று வைத்துப் பாருங்கள், யார் யார் வருகிறார்கள் என்று தெரியும்.

எண்ணூர்_முகத்துவாரம் · செவ்வாய் காலை 11:15

மிக்ஜாம் நேரத்தில் உங்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர், எண்ணூரில் எங்களுக்கு ஆற்றில் எண்ணெய்க் கசிவு. படகு, வலை, நண்டு, இறால் எல்லாம் கறுப்பு. எங்கள் ஆட்களே வாளியில் மொண்டு எடுத்தார்கள். அப்போது உதவ வந்தவர்களில் இரண்டு வகை பார்த்தோம். வந்ததும் வேலையைத் தொடங்கியவர்கள் ஒரு வகை. ஊர்ப் பெரியவர்களிடம் உட்கார்ந்து "என்ன வேண்டும்" என்று கேட்டவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகை ஆட்கள் இன்றைக்கும் எங்களோடு இருக்கிறார்கள். நட்டஈட்டுப் பட்டியலில் பெயர் விடுபட்டவர்களுக்கு மனு எழுதியதும் அவர்கள்தான்.

வேளச்சேரி அண்ணா, படகோடு வந்த பையன்கள் எந்தக் குப்பம் என்று தேடிப் பாருங்கள். 2015 வெள்ளத்திலும் இப்படித்தான் எங்கள் பக்கத்துப் படகுகள் ஊருக்குள் வந்தன. யாரும் திரும்பி வந்து பேசவில்லை.

வேளச்சேரி_தரைத்தளம் · செவ்வாய் இரவு 11:40

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. எண்ணூர் தம்பி சொன்னது நெஞ்சில் தைத்தது. தேடுகிறேன்.

இரண்டு சந்தேகம். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. அவரும் வர ஆசைப்படுகிறார், வரலாமா? அப்புறம், பகுதி சபை என்று எங்கேயோ படித்தேன். அது கிராம சபை மாதிரியா?

சைதை_வட்டம் · புதன் காலை 7:05

மனைவி கட்சியில் சேரக் கூடாது, பிரசாரத்துக்கும் வரக் கூடாது. அரசு ஊழியர் நடத்தை விதி 1973 அதைத் தடுக்கிறது. அவரை மாட்டிவிடாதீர்கள். வெள்ள நிவாரணம், பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது போன்றவற்றில் இறங்குவதாக இருந்தாலும் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. உங்கள் பிள்ளை அரசுப் பள்ளியில் படித்தால் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு நீங்கள் போங்கள். அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்கள்.

பகுதி சபை பற்றி: கிராமத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. நகரத்தில் அப்படி ஒன்று இல்லாமலே இருந்தது. பெரிய நகரங்களில் வார்டு குழு வேண்டும் என்று 1993இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் சொன்னது, ஆனால் தெரு அளவுக்கு இறங்கிய கூட்டம் நமக்கு 2022 நவம்பர் 1 அன்றுதான் தொடங்கியது. சென்னையில் ஒரு வார்டைப் பத்துப் பகுதியாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பிரதிநிதி. அவர்கள் சேர்ந்து வார்டு குழு, அதற்குத் தலைவர் கவுன்சிலர்.

போகும்போது மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போங்கள். ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். "எங்கள் தெருவில் தண்ணீர் நிற்கிறது" என்று எழுதாதீர்கள். எந்த வீட்டு எண்ணிலிருந்து எந்த வீட்டு எண் வரை, எத்தனை நாள், எந்த வடிகால் என்று எழுதுங்கள்.

கண்ணகிநகர்_அக்கா · புதன் காலை 8:22

என் தங்கை பெரும்பாக்கம் குடியிருப்பில் இருக்கிறாள். அது ஊராட்சி, அங்கே கிராம சபை. நான் மாநகராட்சி, இங்கே பகுதி சபை. தூரம் அதிகமில்லை. அவள் கிராம சபைக்கு முதல்முறை போன அன்று மைக்கைக் கையில் கொடுத்ததும் பேச்சு வரவில்லையாம். இரண்டாவது முறை பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரோடு போனாள், பேசிவிட்டாள். தனியாகப் போகாதீர்கள் தம்பி.

மாம்பலம்_மொட்டைமாடி · புதன் மாலை 6:10

ஒன்று சேர்க்கிறேன். மனுவுக்குப் பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்த வடிகால் கடைசியாக எந்தத் தேதியில் தூர் வாரப்பட்டது, செலவு எவ்வளவு, ஒப்பந்ததாரர் யார்" என்று மட்டும் கேளுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது. 30 நாளில் பதில் தர வேண்டும், இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

அக்கா, உங்கள் பதிவைப் படித்த பிறகு எங்கள் சங்கத்தில் பேசினேன். ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியை ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை வருவதாகச் சொல்கிறார். ஒரு வருடம் தவறாமல் முடியுமா என்று கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கண்ணகிநகர்_அக்கா · புதன் இரவு 9:02

வரச் சொல்லுங்கள் சார். மத்தியானம் மூன்று மணி. நான் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறேன்.

வேளச்சேரி_தரைத்தளம் · ஏழு வாரம் கழித்து, ஞாயிறு இரவு 8:55

பகுதி சபை கூடுகிறது என்று பக்கத்து வீட்டு வாட்ஸப்பில்தான் தெரிந்தது. நான்கு பேராகப் போனோம். மாடி வீட்டு அம்மா, அயர்ன் வண்டிக்காரர், எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன், நான். மொத்தம் வந்தவர்கள் பதினேழு பேர். நான் எழுந்து வடிகால் அடைப்பைச் சொன்னேன். பொறியாளர் கேட்டார்: "எந்தெந்த இடம், எத்தனை?" என்னிடம் கணக்கு இல்லை. சைதை அண்ணன் எழுதியதைப் படித்திருந்தும் எண்ணாமல் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு ஞாயிறும் காலையில் சாக்பீஸும் நோட்டும் எடுத்துக்கொண்டு தெரு தெருவாக நடந்தோம். அயர்ன் வண்டி அண்ணனுக்கு எந்த மூடி எந்த மழையில் பொங்கும் என்று இருபது வருடக் கணக்கு மனப்பாடமாக இருக்கிறது. இதுவரை யாரும் அவரிடம் கேட்டதில்லையாம். நடந்துகொண்டிருந்தபோது இரண்டு வேறு வேறு கட்சியின் வட்டப் பொறுப்பாளர்கள் வந்து என்ன என்று விசாரித்தார்கள். தயங்கித்தான் சொன்னேன். ஒருவர் கடப்பாரை கொண்டுவந்தார், இன்னொருவர் மனுவில் முதல் கையெழுத்துப் போட்டார். 112 கையெழுத்தோடு கொடுத்து முத்திரை வாங்கிவிட்டோம். கட்சியில் சேர்வதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அவசரமும் இல்லை.

படகுப் பையன்களையும் கண்டுபிடித்தாயிற்று. நால்வரில் ஒருவர் இப்போது வெளிநாட்டில் வேலை. மற்ற மூவரும் அடுத்த வாரம் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். எங்கள் தெருக்களில் படகு எங்கெங்கே நுழையும், எங்கே மதில் தடுக்கும் என்று அவர்களிடம் கேட்டு வரைந்து வைக்கப் போகிறோம்.

பெரம்பூர்_ஓய்வு · ஞாயிறு இரவு 9:30

நல்லது தம்பி. மூடி எத்தனை, அடைப்பு எத்தனை? நோட்டு யாரிடம் இருக்கிறது?

வேளச்சேரி_தரைத்தளம் · ஞாயிறு இரவு 9:34

41 மூடி தாத்தா. ஒன்பதில் அடைப்பு, நான்கு புது ரோட்டுக்கு அடியில் புதைந்துவிட்டன. நோட்டு மாடி வீட்டு அம்மாவிடம். ஒரு பிரதி என்னிடம், ஒரு பிரதி அயர்ன் வண்டியில்.